கிணற்று மருந்து

நீங்கள் எல்லாரும் சுகாதார வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பழைய ஆள் ஒருவன் வந்து தைரியம் தரும்படி நாலு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வரும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். என் வேலைக்காலத்தில் நான் கண்ட தைரியசாலிகள் பெரும்பாலும் தோற்றுப்போனவர்கள். ஜெயித்த கதை என்று சொல்ல என்னிடம் ஒன்றும் தேறவில்லை. அதனால் தோற்றவர்களைப் பற்றியே சொல்கிறேன். கேட்டு முடித்ததும் மனசு கனத்தால் என்னைத் திட்டாதீர்கள்.

ஊசி போடுவது, மருந்து கலப்பது, ரிப்போர்ட் எழுதுவது எல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஓர் ஊருக்குள் நுழைந்த பிறகு எங்கே குனிவது, எங்கே நிமிர்வது, எதை விட்டுக்கொடுப்பது என்பதை எந்த வகுப்பிலும் சொல்வதில்லை. அதை மட்டும் பேசுகிறேன்.

நான் செந்துறைப் பக்கத்துச் சேரிக்காரன். பெயர் அய்யாக்கண்ணு. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு என்னைப் பார்த்தால் நின்று பேசுகிறவர்கள். தாத்தா செய்ததற்கு அவர்கள் தலைகுனிய வேண்டாம். என் அப்பா அந்த ஊருக்கு வெட்டியான். யார் செத்தாலும் உறவுக்காரர்களுக்குச் சேதி சொல்லப் போவது, குழி தோண்டுவது, சிதை அடுக்குவது எல்லாம் அவர் வேலை. அவருடைய அப்பாவுக்கும் அதே வேலை. எனக்கும் அதுதான் என்று எழுதியிருந்தது. சேரிப் பிள்ளைகளுக்கென்று சர்க்கார் ஒரு பள்ளிக்கூடம் திறந்தபோது அப்பா என்னைக் கொண்டுபோய் அதில் விட்டார். ஏன் விட்டார் என்று பின்னாளில் கேட்டேன்.

"பொணத்தத் தவிர வேற எதையாச்சும் தொட்டு வேலை செய்யட்டும்னுதான்டா" என்றார்.

எட்டாவது தேறியதும் அம்மை குத்தும் வேலை கிடைத்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, பஸ்கள் பெட்ரோல் இல்லாமல் கரி அடுப்பு வைத்து ஓடின. காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, தோளில் தகரப் பெட்டியோடு பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே நான் நடக்காத வண்டிப்பாதை கிடையாது. அப்பா ஆசைப்பட்டபடி உயிரோடு இருப்பவர்களைத் தொடும் வேலைதான். தொட விட்டால்தானே.

வாலிகண்டபுரம் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அம்மை பரவுகிறது என்று பயந்து அவர்களே ஆள் அனுப்பியிருந்தார்கள். நான் போய் நின்றதும் எந்தச் சேரி என்று விசாரித்தார்கள். சொன்னேன். அந்த வீட்டுப் பெண் வாசல் மண்ணில் ஒரு வாழை இலையை விரித்து, அதன்மேல் பிள்ளையைக் கிடத்திவிட்டு, நடைக்குள் போய் நின்றுகொண்டாள். வெயில் சுட்டது. நான் மண்டியிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக் குத்தினேன். அது வீறிட்டு அழுதது. நான் தெருமுனை தாண்டும்வரை அதைத் தூக்கக்கூட யாரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது பிள்ளையின் தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள். குத்திய இடத்தில் தண்ணீர் படக்கூடாது என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

என்னோடு அன்று எங்கள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து கையாலேயே எடுத்து என் இலையில் வைத்த முதல் மேலதிகாரி அவர். எனக்குக் கண் கலங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு நடந்துகொண்டே சொன்னார்.

"தம்பி, மருந்து புள்ள ஒடம்புல ஏறிடுச்சுல்ல? அந்த மட்டும் போதும்னு விடு. மத்ததுக்கெல்லாம் அழணும்னா ரிட்டையரான பொறவு ஒக்காந்து அழு. அல்லா அதுக்குன்னு காலம் குடுப்பான்."

காலம் கிடைத்தது. இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார். காலரா புகுந்த ஊருக்குள் போனால் முதலில் தண்ணீரைப் பார்; ஊசி உடம்பில் வேலை செய்ய நாளாகும், தண்ணீர் அதற்குள் தன் வேலையை முடித்துவிடும் என்றார். நான் பின்னால் ஓர் ஊரில் தனியாக நின்றபோது கையில் இருந்த படிப்பு அது ஒன்றுதான். அந்த ஊர் என் சொந்த ஊர்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. கோடையில் ஊர்க் கிணற்றின் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் கிடந்தது. சேரிக்குக் கிணறு கிடையாது. ஊர் மாடுகள் இறங்கும் குட்டையில்தான் எங்கள் ஜனங்கள் மொள்ளுவார்கள். நான் பெரம்பலூர்ப் பக்கம் முகாமில் இருந்தேன். என் மனைவி பவுனம்பாளும் நாலு வயசு மகள் தங்கமும் அப்பாவோடு சேரியில் இருந்தார்கள். ஊரில் வாந்திபேதி கண்டுவிட்டது என்று தகவல் வந்ததும் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். அவரே ஜயங்கொண்டம் பக்கம் மூன்று ஊர்களில் மாட்டிக்கொண்டு திணறிக்கொண்டிருந்தார். உன் ஊர் என்பதால் அனுப்பத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் வேறு ஆள் இல்லை என்று சொல்லி, ஊசி மருந்தும் கிணற்றில் போடும் சிவப்பு மருந்தும் கொடுத்து அனுப்பினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா சுடுகாட்டில் இருந்தார். அவர் என்னை வா என்றுகூடச் சொல்லவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன.

"தோண்டிக்கிட்டே இருக்கேன்டா. ஒண்ணு மூடறதுக்குள்ள அடுத்ததுக்கு ஆள் வந்துடுறான். நீ படிச்சவன், எதுனா செஞ்சு நிறுத்து."

நேரே மணியக்காரரிடம் போனேன். ஊர் நிர்வாகம் அவர் கையில். கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் தம்பி முந்தின நாள்தான் செத்திருந்தார். சொந்தக்காரர்களே பயந்து ஓடிய வீடுகளில் எல்லாம் போய் உட்கார்ந்து வியாதிக்காரர்களுக்குக் கஞ்சி புகட்டியவர் அவர். என் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. டா போடவும் மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை. கடைசிவரை என்னை எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல் பேசினார்.

கிணற்றில் மருந்து போட வேண்டும் என்றேன். நான் கிணற்றடிக்கு வரக்கூடாது என்றார். சரி, மருந்தைத் தருகிறேன், நீங்களே போடுங்கள் என்றேன். சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். ரத்தம் கலக்கிறார்கள், விஷம் வைக்கிறார்கள் என்று ஒரு பேச்சு. ஒரு குவளையில் கொஞ்சம் மருந்தைக் கரைத்து அவர்கள் கண்ணெதிரே குடித்துக் காட்டினேன். வெகு நேரம் அங்கேயே நின்றேன். நான் சாகவில்லை என்று தெரிந்ததும் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு விலகச் சொன்னார்கள். வைத்தேன். ஒருவர் அதன்மேல் சாணித் தண்ணீர் தெளித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார். கிணற்றில் மருந்து விழுந்தது. தெருவில் ஊசி போடவும் விட்டார்கள். பயம் அந்த அளவுக்கு வந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் சொன்னபடி அந்த மட்டும் போதும் என்று விட்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. சாணி தெளித்தால் மருந்தின் குணம் போய்விடாது. உங்களை அவமானப்படுத்திவிட்டு உங்கள் மருந்தை மட்டும் எடுத்துக்கொள்கிற இடம் எதிர்ப்பட்டால், மருந்தாவது போய்ச் சேரட்டும் என்று விடுங்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த குழந்தை சாணி தெளிக்கவில்லை.

ஆனால் சேரிக்கு என்ன செய்வது? குட்டையில் இருந்தது தண்ணீர் அல்ல, சேறு. அதில் மருந்தைக் கொட்டியும் பயன் இல்லை. நான் திரும்பவும் மணியக்காரரிடம் போய் நின்றேன். நாங்கள் கயிற்றைத் தொடவேண்டாம், கிணற்றடிக்கே வரவேண்டாம், வியாதி தீரும்வரை உங்கள் ஆட்களே மொண்டு எங்கள் குடத்தில் ஊற்றினால் போதும் என்று கேட்டேன். அவர் உடனே மறுக்கவில்லை. யோசித்தார். தம்பி செத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

"இன்னிக்கு ஊத்துனா நாளைக்குக் கயித்தப் புடிக்க வருவீங்க. அப்பறம் ஊர்னு ஒண்ணு எதுக்கு?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். அதனால்தான் அதற்கு மேல் பேச வழி இல்லாமல் போயிற்று.

சேரியில் இளவட்டங்கள் கொதித்தார்கள். மொத்தமாகக் குடத்தோடு போய்க் கிணற்றில் இறங்குவோம், யார் தடுப்பார்கள் என்று பார்ப்போம் என்றார்கள். நீ சர்க்கார் ஆள், நீ முன்னால் நட என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் யோசிக்கக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். போனால் தண்ணீர் கிடைக்கலாம். மறுநாள் கூரைகள் எரியும். எங்கள் குடிசைகள் கீற்றும் பனையோலையும்; பக்கத்தில் தண்ணீர் இல்லை. போலீஸ் செந்துறையிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பாதி வீடுகளில் எழுந்து ஓட முடியாத வியாதிக்காரர்கள் கிடந்தார்கள். வேண்டாம் என்றேன். என்னைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். காக்கிச் சட்டைக்குள் இருப்பது வெட்டியான் மகன்தானே என்று ஒருவன் கேட்டான்.

அப்பாதான் எழுந்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தார். வறண்டு கிடந்த ஓடை அது. மணலைத் தோண்டினால் அடியில் ஈரம் இருக்கும், ஊற்று கசியும். மணல் வழியே வரும் தண்ணீர் குட்டைத் தண்ணீரைவிட எவ்வளவோ தேவலை. நானும் இறங்கித் தோண்டினேன். துப்பியவர்களும் கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்துகொண்டார்கள். தோண்டும்போது அப்பா அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு விஷக் காய்ச்சல் வந்து ஊரே சாய்ந்ததாம். தாத்தா ஊர்ப் பிணங்களை எல்லாம் எடுத்து முடித்துவிட்டுத் தானும் விழுந்தாராம். அவரை எடுக்க ஒருவரும் வரவில்லையாம். அப்பா ஒற்றை ஆளாகக் குழி தோண்ட முயன்று, முழங்கால் ஆழத்துக்குமேல் முடியாமல், அப்படியே வைத்து மூடினாராம். அதைச் சொல்லும்போதும் அவர் கை நிற்கவில்லை.

ஊற்று ஊறத்தான் செய்தது. கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றினோம். ஒரு குடம் நிரம்ப அரைப்பொழுது ஆயிற்று. ஊற்று ஊறுவதற்குள் பிள்ளைகளுக்குத் தாகம் வந்துவிட்டது. பெரியவர்கள் எல்லாரும் ஓடையில் இருந்த நேரத்தில் தங்கம் மற்றப் பிள்ளைகளோடு குட்டைக்குப் போயிருக்கிறாள். நான் வந்த அன்றே அவளுக்கு ஊசி போட்டிருந்தேன். நாளாகும் என்று சொன்னேனே.

மறுநாள் வெயில் ஏறும் நேரம் பவுனு ஓடைக் கரைக்கு வந்து நின்றாள். கூப்பிடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே நான் ஓடினேன். பிள்ளையின் கண்கள் உள்ளே போயிருந்தன, விரல்கள் கிழவி விரல்கள்போலச் சுருங்கியிருந்தன. உப்புக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன், நிற்கவில்லை. அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் நரம்பில் உப்புநீர் ஏற்றுவார்கள். ஊரில் வண்டி கேட்டு அப்பா ஓடினார். ஊர் வண்டியில் சேரி வியாதியை ஏற்ற யாருக்கும் மனம் வரவில்லை. நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தேன். பவுனு பக்கத்தில் நடந்து முந்தானையால் வெயிலை மறைத்தபடி வந்தாள்.

கரி பஸ் வந்தது. நின்றது. கண்டக்டர் பிள்ளையைப் பார்த்ததும் கையை நீட்டி வழியை அடைத்தார். அவரை எனக்குத் தெரியும், என்னையும் அவருக்குத் தெரியும். சாதி பார்த்து அவர் மறுக்கவில்லை. வாந்திபேதிக்காரர்களைப் பஸ்ஸில் ஏற்றாதீர்கள், ஊர் ஊராகப் பரவிவிடும் என்று முந்தின மாதம் அவரிடம் சொல்லிவிட்டுப் போனவன் நானேதான். பஸ்ஸுக்குள் பிள்ளைகளை மடியில் வைத்திருந்த பெண்கள் இருந்தார்கள்.

"நீங்களே சொல்லுங்க சார், ஏத்தவா?" என்று கேட்டார்.

என்னை சார் என்று கூப்பிட்ட முதல் மனிதர் அவர்தான். பவுனு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம், போங்கள் என்றேன்.

நீங்கள் இந்த வேலையில் ரொம்ப நாள் இருந்தால், மற்றவர்களுக்காகச் சொன்ன விதி ஒருநாள் உங்கள் வாசலில் வந்து நிற்கும். அன்றைக்கும் அதுதான் விதி. ஆனால் அதைக் காப்பாற்றினால் மனசுக்குள் ஒரு நிம்மதி கிடைக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எனக்குக் கிடைக்கவில்லை.

நடந்தோம். அரியலூர் எட்டுவதற்கு வெகு முன்னாலேயே, ஒரு முந்திரித் தோப்பு ஓரத்தில், தோளில் கனம் மாறியது. பவுனுவிடம் நான் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் நடந்தேன். அவள்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

திரும்பி வந்தபோது அப்பா சேரி முனையில் நின்றார். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். குழி தோண்ட மண்வெட்டியை எடுத்தார். தூக்கிய கை கீழே இறங்கவில்லை. ஊரில் எத்தனையோ பேருக்குத் தோண்டிய கை. நான் வாங்கித் தோண்டினேன். எங்கள் குடும்பத்து வேலையை நான் செய்தது அந்த ஒரே நாள்தான்.

வியாதி தணிந்தது. ஊரில் சீக்கிரமே நின்றது, கிணற்றில் மருந்து விழுந்ததால். சேரியில் மெல்ல நின்றது, ஓடை ஊற்றால். ஊர்க்காரர்கள் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்க நாள் குறித்தார்கள். அதற்கு முன் கிணற்றைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. சேரிக்காரன் கொண்டுவந்த பொட்டலம் விழுந்த கிணறல்லவா. இருந்த தண்ணீர் முழுவதையும் இறைத்து வெளியே கொட்டினார்கள். கடைசி வாளிவரை இறைத்தார்கள். எங்கள் பெண்கள் ஓடை மணலில் கொட்டாங்கச்சியோடு குந்தியிருந்தபோது, ஊர் எல்லைப் புழுதியில் அந்த நல்ல தண்ணீர் ஓடி வந்து, எங்கள் தெருவை எட்டுவதற்குள் மண்ணுக்குள் போய்விட்டது.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மணியக்காரர் வீட்டை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே போனேன். வாசலுக்கு வெளியே வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றார். மணியக்காரர் எழுந்து வந்தார்.

"ஆண்டே, இனிமே ஒங்க சாவுக்கு நான் வரல" என்றார் அப்பா.

அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை. மணியக்காரருக்கு முதலில் புரியவில்லை. என்ன சொன்னே என்று கேட்டார். அப்பா மறுபடி சொல்லவில்லை. துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். அவர் தோளில் துண்டோடு அந்தத் தெருவில் நடந்து நான் பார்த்ததே இல்லை. என் ஆயுளில் நான் கண்ட தைரியம் எது என்று கேட்டால், அந்தத் தெரு முழுக்க அவர் நடந்த நடையைத்தான் சொல்வேன்.

அதற்கு என்ன ஆனது என்றும் சொல்ல வேண்டும். பாதியில் நிறுத்தினால் நீங்கள் ஜெயித்த கதை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவீர்கள். ஊர்க்காரர்கள் சேரி முழுவதற்கும் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வரகும் கம்பும் விதைக்கும் காலத்தில் எங்கள் ஜனங்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். பட்டினி தொடங்கியதும், அந்த ஒரு வார்த்தைக்காக அப்பாவைத் தோளில் தூக்கிக் கொண்டாடிய அதே இளவட்டங்கள் வந்து, பெரியப்பா, போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், பிள்ளைகள் வாடுகின்றன என்றார்கள். அவர்களைத் தப்பு சொல்ல முடியாது. அப்பா மன்னிப்புக் கேட்கவில்லை. அவர்களைப் பட்டினி போடவும் அவருக்கு மனம் இல்லை. நான் இல்லாவிட்டால் உங்களுக்கு வேலை கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு ஊரைவிட்டே கிளம்பினார். நாங்கள் அரியலூரில் ரயில்பாதை ஓரம் ஒரு கொட்டகையில் குடியேறினோம். எங்கள் பங்காளி ஒருவன் ஊருக்கு வெட்டியான் ஆனான். சேரிக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

அப்பாவுக்கு டவுனில் செய்ய ஒன்றும் இல்லை. ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். டவுன் இடுகாட்டில் முன்பின் தெரியாத ஒருவர் குழி தோண்டினார். நல்ல ஆழமாகத் தோண்டினார்.

பவுனு அரிசி மில்லில் புடைக்கப் போனாள். ரோட்டில் நான் கண்டக்டரிடம் வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து அவள் என்னிடம் தேவைக்கு மேல் பேசியதில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. சோறு போடுவாள், சட்டை துவைப்பாள். பேச்சு மட்டும் நின்றுபோயிற்று.

அடுத்த கோடையில் அதே ஊரில் மறுபடியும் காலரா. இன்ஸ்பெக்டர் எங்கள் கொட்டகைக்கே வந்தார். வேறு ஆளைக் கேட்டு எழுதியிருக்கிறேன், வரும்வரை நான் சமாளிக்கிறேன், நீ போக வேண்டாம் தம்பி என்றார். அவருக்கே அப்போது காய்ச்சல். போக வேண்டாம் என்றுதான் என் மனசும் சொன்னது. அந்த ஊர் என் கண்ணில் படவே வேண்டாம் என்று இருந்தது. உள்ளே முறத்தை வைத்துவிட்டுப் பவுனு வெளியே வந்தாள். ஆணியில் மாட்டியிருந்த என் பையை எடுத்தாள்.

"போயிட்டு வாங்க. அங்கயும் புள்ளைங்க இருக்கும்ல" என்று என் கையில் கொடுத்தாள்.

அவளுக்கு அதைச் சொல்ல என்ன செலவாயிற்று என்று எனக்குத் தெரியும். நான் போனேன்.

ஊர்த் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. புது வெட்டியான் முதல் நாளே பயந்து ஓடிவிட்டான். அவரவர் வீட்டுப் பிணத்தை அவரவரே அரைகுறையாகப் புதைத்திருந்தார்கள். மணியக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பேரன் அன்று காலையில் போயிருந்தான். என்னைப் பார்த்ததும், உங்கப்பன் இருந்தா இப்படி ஆவுமா என்றார். அப்பா செத்துவிட்டார் என்று சொன்னேன். அவர் கையைக் கிணற்றுப் பக்கம் காட்டினார். போய்ப் போடு என்று அர்த்தம்.

பிறந்த ஊரின் கிணற்றை நான் கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். மருந்தைக் கரைத்து ஊற்றினேன். அது கலந்து நிறம் மாறும்வரை காத்திருந்தேன். தூரத்தில் சேரிப் பெண்கள் ஓடையிலிருந்து காலிக் குடங்களோடு வந்து நின்றார்கள். அந்த வருஷம் ஊற்றும் இல்லை. என்ன செய்யலாம் என்று ஒருநொடிதான் யோசித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் என்னவென்று எனக்குத் தெரியும். கயிற்றைப் பிடித்து மொண்டேன், வாருங்கள் என்று அவர்களைக் கூப்பிட்டேன். ரொம்பத் தயங்கி ஒருத்தி வந்தாள். அப்புறம் எல்லாரும் வந்தார்கள். மணியக்காரர் பார்த்தார். சரி என்று சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் முகம் திரும்பியிருந்த அத்தனை நாளும் நான் மொண்டு ஊற்றினேன். இரண்டு தெருவிலும் சாவு நின்றது.

அந்தத் தடவை கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்யவில்லை. மனசு மாறிவிட்டார்கள் என்று நானும் நம்பிப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, இறைக்கத் தெம்புள்ள ஆள் அந்த ஊரில் மிஞ்சவில்லை. மழை பெய்து ஊர் தலையெடுத்ததும் கிணற்றடியில் மறுபடி காவல் வந்தது. எங்கள் பெண்கள் மறுபடி ஓடைக்குப் போனார்கள். சேரிக்கென்று ஒரு கிணறு வெட்ட அதற்குப் பிறகும் பல வருஷம் ஆயிற்று. மணியக்காரர் கடைசிவரை என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

பவுனுவும் நானும் மெல்லப் பேசத் தொடங்கினோம். இன்னொரு மகள் பிறந்தாள், நர்ஸ் ஆனாள். வெளியூரில் வேலை கிடைத்து வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது, அவள் படிப்பையும் வேலையையும் கேட்பதற்கு முன் வீட்டுக்காரர் கேட்டது வேறொன்று. வந்து என்னிடம் சொன்னாள். அன்று ராத்திரி அவளுக்கு அங்கே டூட்டி இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு போனாள்.

போன மாதம் அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போயிருந்தேன். நல்ல கூட்டம். பெஞ்சில் இருந்த ஒருவர், தலை பாதி நரைத்தவர், நான் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு எழுந்து, உட்காருங்க பெரியவரே என்று இடம் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டேன். என் ஊரைச் சொன்னார். வயசு கேட்டேன். சொன்னார். தங்கம் இருந்தால் அவளுக்கும் அதே வயசு. சின்ன வயசில் வாந்திபேதி வந்து பிழைத்தவன் என்று அம்மா சொல்லும் என்று அவராகவே சொன்னார். எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார். நான் நகர்ந்து, பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.